மன்னரின் ஏசி ரிமோட்

மருதவேந்தன் நாட்டில் ராஜாவும் உண்டு, செல்போனும் உண்டு. அது எப்படி என்று கேட்டால் கதை நகராது, விட்டுவிடுங்கள்!

அரசவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன தையல்நாயகிதான் அரண்மனைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். செல்போன் இல்லாமல் பாடமே நடத்தமாட்டாள். எறும்பின் காலைப் பெரிதாக்குவாள், விழும் நீர்ச்சொட்டை மெதுவாக ஓட்டிக் காட்டுவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அமைச்சர் வல்லபராயருக்கோ வயிற்றெரிச்சல்.

"அது படிப்பா மன்னா? வெறும் கண்கட்டு வித்தை!" என்று போட்டுக்கொடுத்தார்.

மன்னர் அவளை அழைத்தார். "கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை நாளை உன் செல்போனில் காட்டு. இல்லையென்றால் போனையும் வேலையையும் வைத்துவிட்டுக் கிளம்பு."

"இவ்வளவுதானா? உங்கள் ஏசி ரிமோட் போதும் மன்னா. பட்டனை அழுத்தினால் முனையில் ஒரு வெளிச்சம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்."

மறுநாள் சபையில் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். கேமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்து மன்னர் அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். ஊஹூம்! வல்லபராயர் மீசையை முறுக்கினார். தையல்நாயகி பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போச்சே, இத்தனை பிள்ளைகள் முன்னாலா!

சட்டென்று ரிமோட்டின் பின்மூடியைத் திறந்தாள். அடப்பாவமே, இரண்டு பேட்டரியும் இல்லை!

"பரவாயில்லை மன்னா," என்றாள். "பேட்டரியை எடுத்த விரலில் மூன்று நாளைக்கு அந்த வெளிச்சம் ஒட்டியிருக்கும். கேமராவில் பளிச்சென்று தெரியும். எல்லோரும் கையை நீட்டுங்கள்!"

சபையே கையை நீட்டியது. மன்னரும் நீட்டினார். வல்லபராயர் மட்டும் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். காவலன் சால்வையை உருவினான். பேட்டரிகள் தரையில் உருண்டன.

அவற்றைப் போட்டு அழுத்தியதும் திரையில் ஊதாப் புள்ளி ஒன்று மின்னியது. பிள்ளைகள் 'ஹோ'வென்று கத்தினார்கள். மன்னர் ரிமோட்டை உற்றுப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இன்னொரு முறை அழுத்தினார். குழந்தையாகவே மாறிவிட்டார்.

"உன் வகுப்புக்குப் பத்துப் புது செல்போன்! சரி, அந்த விரல் வெளிச்சத்தையும் காட்டு."

"அப்படி ஒரு வெளிச்சமே இல்லை மன்னா. எழுதாத வீட்டுப்பாடத்தை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன் என்று வகுப்பில் சொல்வேன். எழுதாதவன் உடனே நோட்டைப் பைக்குள் தள்ளுவான்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வல்லபராயரே, நாளை முதல் நீரும் ஏழாம் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்காரும்!"