குறி இல்லாத ஈட்டி

கணவாய் அடிவாரத்தில் உலைமேடு என்று ஓர் ஊர். நாற்பது பட்டறைகள். பகலெல்லாம் சுத்தியல் சத்தம், சாயங்காலம் ஆனால் பேச்சுச் சத்தம். இரண்டில் எது காதைப் பிளக்கும் என்று கேட்டால் நான் பேச்சைத்தான் சொல்வேன்.

அந்த ஊர்க் கொல்லர்களுக்குத் தலைவர் நாகையன். வயது ஐம்பத்தெட்டு. ஊருக்கு மேலே பாறைக் குகையில் இருந்த குரத்திக்கு அவர் சீடர். பெண் குருவை அந்தக் காலத்தில் குரத்தி என்பார்கள். குரத்திக்கு நாகையனைவிடப் பதினைந்து வயது குறைவு.

"தங்கச்சி வயசுப் பொம்பளைகிட்டப் போய் என்னய்யா கத்துக்கறீர்?" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"அவங்க என்கிட்டக் கேக்கறதை நீங்க யாரும் கேட்டதில்லையே" என்பார் நாகையன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு நாடு, வேறு ராஜா. அங்கே ஒரு வருஷமாகச் சண்டை. ராஜாவின் படை ஒரு பக்கம், அவரை எதிர்த்து மலையில் திரண்ட குடிகள் ஒரு பக்கம். நாகையனின் ஒரே மகள் கோதை அந்த நாட்டில்தான், செம்பாறை என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எட்டு மாதமாக அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

இப்படியிருக்கும்போது மலைக் குடிகளின் பக்கமிருந்து ஓர் ஆள் கணவாய் இறங்கி வந்தார். பெயர் சேந்தன். முன்னூறு ஈட்டி முனை வேண்டும் என்று ஊர்ச்சபையில் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வண்டிப்பேட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் இருபது நாளாக உட்கார்ந்தே இருந்தார்.

இருபத்தோராம் நாள் காலையில் நாகையன் மூச்சு வாங்கக் குகைக்கு ஏறினார். குரத்தி சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி மழுங்கிப் போய் வழுக்கியது.

"குடுங்கம்மா, தீட்டித் தர்றேன்."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? வந்த விஷயத்தைச் சொல்லுங்க கொல்லரே."

"ஒரு வேடிக்கைம்மா. அந்த ஆள் வந்த அன்னிக்கு ஊரே எந்திரிச்சு நின்னு குடு குடுன்னுது. இப்ப அதே வாய் குடுக்காதேங்குது. அன்னிக்கு வேணாம்னவங்க இப்ப குடுங்கறாங்க. நடுவுல கணவாய் வழியா ஈ காக்கா வரல. புதுசா ஒரு சேதி கிடையாது. அப்ப எதுதான் மாறிச்சு?"

"எனக்கும் தெரியலியே" என்றார் குரத்தி. "போய்க் கேட்டுட்டு வாங்க. ஒண்ணு மட்டும். உங்க எண்ணத்தைச் சொல்லாம கேளுங்க."

எண்ணத்தைச் சொல்லாமல் கேட்பது உலைமேட்டுக்காரர்களுக்கு ஆகாத காரியம். நாகையனும் உலைமேட்டுக்காரர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் செக்கு ஆட்டும் வெள்ளையப்பனிடம் போனார். சேந்தன் வந்த அன்று சபையில் உரக்கக் கத்தியவர் அவர்தான்.

"குடுக்கவே கூடாது" என்றார் வெள்ளையப்பன். "முன்னூறு முனை அடிக்க உக்காந்தீங்கன்னா என் செக்குக்குப் பூண் யாரு அடிக்கறது? உடைஞ்சு ஒம்பது நாளாச்சு."

"முதல் நாள் நீர்தானே குடுன்னீர்?"

"அன்னிக்குப் பூண் நல்லா இருந்துச்சே."

அடுத்தது பானை வனையும் மாசாத்தி. முதலில் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டவள். இப்போது நாகையனைக் கண்டதும் மண் கையோடு எழுந்து வந்தாள்.

"குடுத்துத் தொலைங்கண்ணே. வழி அடைஞ்சு போய் என் பானை அத்தனையும் அடுக்குல கிடக்கு. யாராச்சும் ஒருத்தர் ஜெயிச்சாத்தான் வழி திறக்கும்."

"யாரு ஜெயிக்கணும் தாயி?"

"யாரா இருந்தா என்ன? சட்டுனு ஜெயிக்கறவங்க ஜெயிக்கட்டும்."

நாவிதர் மருதனிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்து கேட்டார். "எனக்குன்னு ஒரு பக்கமும் இல்லைங்க" என்றார் மருதன். "முன்னால உக்காந்திருக்கறவர் எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். கத்தி என் கையிலதான் இருக்கு. ஆனா பயமும் எனக்குத்தான்." பிறகு மெல்ல, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நாகையன் வாயைத் திறக்கவில்லை. பாவம், மருதனுக்கு அன்றைக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

கோயில் வாசலில் ஒற்றைக்கையர் இருந்தார். பழைய சண்டை ஒன்றில் இடது கையை இழந்தவர்.

"முன்ன ஒரு தடவை இப்படித்தான் பக்கத்து நாட்டுக்கு வில் குடுத்தோம். ஆறு வருஷம் கழிச்சு அதே வில்லுலேர்ந்து வந்த அம்பு பண்ணின வேலைதான் இது" என்று தோளைக் காட்டினார்.

"அப்பக் குடுக்கக் கூடாதுங்கறீர்."

"யாரு சொன்னா? குடுக்கணும்யா. அந்த ஆள் இறங்கி வந்தப்ப நான் பார்த்தேன். கால்ல செருப்பில்ல." சொல்லிவிட்டு அவரே குழம்பிப்போய்த் தலையைச் சொறிந்தார். "எனக்கே புரியல போங்க."

தெருவுக்குத் தெரு இதே கதை. ஒன்று மட்டும் எல்லாத் தெருவிலும் பொதுவாக இருந்தது. மேலத்தெருவில், "உம்ம மக அங்க இருக்கா, நீர் குடுக்காம இருக்கலாமா?" என்றார்கள். கீழத்தெருவில், "உம்ம மக அங்க இருக்கா, நீர் குடுக்கலாமா?" என்றார்கள். முதல் இரண்டு தடவை நாகையனுக்குச் சுருக்கென்றது. அப்புறம் மரத்துவிட்டது.

மறுநாள் காலை குகைக்கு ஏறி எல்லாவற்றையும் ஒப்பித்தார். வெள்ளையப்பனின் பூண் கதையைச் சொல்லும்போது குரத்தியும் சிரித்துவிட்டார்.

"எது மாறிச்சுன்னு தெரிஞ்சு போச்சும்மா. அங்க ஒண்ணும் மாறல. இவங்க வீட்டுலதான் ஏதேதோ மாறிச்சு. செக்கு உடைஞ்சுது, பானை தேங்கிச்சு."

"ஊர் முழுக்கக் கேட்டாச்சா?"

"ஒரு வீடு விடல."

"ஈட்டி கேட்டு வந்த ஆள்கிட்ட?"

நாகையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, வந்த வழியே இறங்கினார்.

வண்டிப்பேட்டையில் சேந்தன் வைக்கோல் திரித்துக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். நாகையனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"முடிவு சொல்ல வந்தீங்களா?"

"இல்லீங்க. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

சேந்தன் மறுபடி உட்கார்ந்தார். "முதல் வாரம் வேளைக்கு நாலு வீட்டுச் சோறு வந்துச்சு. எதைத் தின்னறதுன்னு தெரியல. இப்பவும் சனங்க வர்றாங்க. இன்னும் இருக்கேனா, போயிட்டேனான்னு எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க." குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"நேத்து சாயங்காலம் சாப்பிட்டேன்."

நாகையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்துக் கடையிலிருந்து களியும் மோரும் வாங்கி வந்து வைத்தார். சேந்தன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நாகையன் கேட்டார்.

"ஈட்டியை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ராஜா படை மேலூர் ஓடையைத் தாண்டாம நிறுத்தணும். தாண்டினா ஊரைக் கொளுத்துவாங்க. மூணு ஊரைக் கொளுத்திட்டாங்க."

"அதுக்கப்புறம்? சண்டை முடிஞ்சப்புறம் ஈட்டியெல்லாம் எங்க போகும்?"

சேந்தன் பாதியில் விட்ட கயிற்றை மறுபடி எடுத்தார். "பொய் சொல்ல விருப்பமில்லீங்க. செத்தவன் கையில இருக்கறதை உயிரோட இருக்கறவன் எடுத்துக்குவான். அவன் எங்க ஆளா இருந்தா எங்களது, அவங்க ஆளா இருந்தா அவங்களது."

நாகையன் காலிக் கலயத்தை நகர்த்தி வைத்தார். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

"செம்பாறை?"

"மாசியில எங்ககிட்ட இருந்துச்சு. பங்குனியில அவங்ககிட்டப் போச்சு. நான் கிளம்பறப்ப யார்கிட்டன்னு தெரியல." சேந்தன் அவர் முகத்தைப் பார்த்தார். "உங்க ஆளுங்க இருக்காங்களா அங்க?"

"மக இருக்கா."

இத்தனை நாளில் அந்த மனிதரிடம் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஊர்ச்சபை கூடியது. உலைமேட்டுக் கொல்லர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரிவாளோ ஏர்க்கொழுவோ, எதை அடித்தாலும் அதன் கழுத்தில், காம்பு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், அடித்தவர் தன் குடும்பக் குறியைப் போடுவார். குறி இருந்தால் எத்தனை வருஷம் கழித்துக் கொண்டுவந்தாலும் சும்மா தீட்டிக் கொடுப்பார். அந்த இரும்பால் யாருக்காவது கெடுதல் வந்தால் அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஈடு செய்வதும் அவர்தான். அதனால்தான் ஏழு நாட்டில் உலைமேட்டு இரும்புக்கு மதிப்பு.

சபையில் மூன்று நாழிகை வாய்ச்சண்டை. கடைசியில் சபைத் தலைவர் இளங்கண்ணர் கையை உயர்த்தினார். கெட்டிக்காரர். ஒரு பேச்சில் இரண்டு பேரையும் தலையாட்ட வைக்கத் தெரிந்தவர்.

"முன்னூறு முனையும் குடுப்போம். ஆனா குறி போட வேணாம். ராஜாவோட ஆள் வந்து கேட்டா, எங்க இரும்புல குறி இருக்கும், இதுல இல்லையேன்னு சொல்லிடலாம்."

அவ்வளவுதான். குடு என்றவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கொடுக்காதே என்றவர்களுக்குக் கொடுக்காத மாதிரி ஆயிற்று. எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். வெள்ளையப்பனின் பூணை நாளைக்கே அடித்துத் தருவதாகவும் பேச்சாகிவிட்டது.

மறுநாள் காலை உலை மூட்ட வேண்டும். தலைவர் முதல் அடி அடித்தால்தான் மற்றவர்கள் சுத்தியலைத் தொடுவார்கள். அதுவும் அந்த ஊர் வழக்கம்.

உலை மூட்டுவதற்கு முன்னால் நாகையன் ஓட்டமும் நடையுமாகக் குகைக்கு வந்தார். முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு.

"ஊரே ஒண்ணாயிருச்சும்மா. குறி போடாம குடுக்கறோம். யாருக்கும் வருத்தமில்ல."

குரத்தி சுரைக்காய்க் கத்தியை எடுத்து நீட்டினார். "இப்ப தீட்டிக் குடுங்க."

நாகையன் பாறையில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்தார். தீட்டும் முன் கத்தியைத் திருப்பினார். கழுத்தில் மூன்று கோடும் ஒரு புள்ளியும் இருந்தன.

"அட, எங்கப்பா அடிச்சது."

"அந்தக் கோடாலிக் கதை சொன்னீங்களே ஒரு தடவை, அதுவும் அவர் அடிச்சதுதானா?"

"ஆமாம்மா. வெட்டறப்ப உடைஞ்சு தெறிச்சு ஒருத்தர் கால்ல இறங்கிடுச்சு. குறியைப் பார்த்துட்டு எங்க வாசலுக்கு வந்தாங்க. அவர் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் எங்கப்பாதான் அவர் வயலை உழுதார். ஒரு வருஷம். திட்டிக்கிட்டேதான் உழுதார். ஆனா உழுதார்."

கத்தி கல்லில் சீராக உரசியது.

"இந்த முன்னூறுல ஒண்ணு செம்பாறைக்குப் போகுமா கொல்லரே?"

"போகலாம். யார் கையில போகும்னுதான் தெரியாது. சேந்தனே சொல்லிட்டார்."

"கோதை வாசலுக்கு வந்துச்சுன்னு வெச்சுக்குவோம். அவ முதல்ல எதைப் பார்ப்பா?"

"கழுத்தைப் பார்ப்பா. எந்த இரும்பைப் பார்த்தாலும் கழுத்துலதான் அவ கண்ணு போகும். சின்னதுலேர்ந்து அப்படி."

"குறி இருக்காதே."

நாகையன் சிரித்தார். பெற்றவனின் பெருமைச் சிரிப்பு. எட்டு மாதமாக அவர் முகத்தில் யாரும் பார்க்காதது.

"அவளுக்குக் குறி எதுக்கும்மா? பத்து வருஷம் எனக்குத் துருத்தி ஊதினவ. கழுத்தை நான் மடக்கற வாகு ஒண்ணு இருக்கு, இந்த ஊர்ல வேற யாருக்கும் வராது. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட விரலால தடவிப் பார்த்து, இது எங்கப்பா அடிச்சதுன்னு சொல்லிடுவா..."

தீட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

கீழே ஊரில் முதல் அடிக்காக எல்லாப் பட்டறையும் காத்திருந்தது. உலைமேட்டில் அவ்வளவு அமைதியை நாகையன் அதுவரை கேட்டதில்லை.

"அம்மா, குடுக்கலாமா கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"அது எனக்குத் தெரியாது கொல்லரே. ஊர் ஒண்ணாயிருச்சுன்னீங்களே, அதுலயும் ஒண்ணு எனக்குத் தெரியல."

"என்னம்மா?"

குரத்தி கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, விரல் நுனியால் கூர் பார்த்தார்.

"ராஜாவோட ஆள் இருக்கட்டும். அவளுக்கே தெரியும்னா, யாருக்குத் தெரியக் கூடாதுன்னு குறி போடாம விடறீங்க?"