புது மாடலில் நீக்கியவை

கோமதிநாயகம் அன்று மடத்துக்கு வந்தது கும்பிடுவதற்கு அல்ல, கொட்டித் தீர்ப்பதற்கு.

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. வாசலில் காரை நிறுத்தியவர் கதவை அறைந்து சாத்தினார். மெல்லத் தள்ளினாலே போதும், பஞ்சுபோல மூடிக்கொள்ளும் என்று அந்தக் கதவைப் பற்றி விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

ஏரிக்கரையை ஒட்டிய சின்ன மடம் அது. கார்த் தொழிற்சாலையிலிருந்து இருபது நிமிஷப் பயணம். குரு மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தொன்று. காவி கிடையாது, மாலை கிடையாது. நெடுஞ்சாலை டோல்கேட்டில் பத்து வருஷம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் தாமாகவே தேடி வர ஆரம்பித்தார்கள். ஐம்பத்தேழு வயது கோமதிநாயகம் ஆறு வருஷமாக அவருடைய சீடர். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரை அம்மா என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

குரு கூடத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கிரமம் அம்மா. இந்த மாதிரி அக்கிரமத்தை நான் பார்த்ததே இல்லை."

"உட்காருங்க ஐயா."

"உட்கார முடியலை. வயிறு எரியுது."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க."

கோமதிநாயகத்தின் உத்தியோகத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வருஷா வருஷம் அதே காரைப் புதுக் கார் என்று சொல்லி விற்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே, கம்பெனியில் அந்த ஆள் இவர். ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருஷ மாடலுக்கு ஒரு தாள் தயார் செய்வார். அதில் இரண்டு பத்தி. இடது பக்கம் 'சேர்த்தவை'. வலது பக்கம் 'நீக்கியவை'. இடது பக்கம் பேப்பரிலும் டிவியிலும் வரும். வலது பக்கம் பீரோவுக்குப் போகும். பத்தொன்பது வருஷமாக இந்த வழக்கம் மாறவில்லை.

"எங்க கம்பெனியில சாரல்னு ஒரு வண்டி இருக்கு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். டோல்கேட்ல பாத்திருக்கேன். வருஷத்துக்கு ஒரு மூஞ்சி."

"அதேதான். இந்த வருஷமும் மூஞ்சிய மாத்தியாச்சு. முன்பக்கம் பளபளன்னு பெரிய கிரில். உள்ளே பெரிய திரை. ரெண்டு புது கலர். அதுவரைக்கும் ஒண்ணும் தப்பில்லை. ஆனா பேஸ் மாடல் இருக்கு பாருங்க, இருக்கிறதுலயே சின்னது, அதுல பின்கதவுக்குள்ள இருந்த இரும்புத் தண்டை எடுத்துட்டானுங்க."

"அந்தத் தண்டு எதுக்கு?"

"பக்கவாட்டுல லாரியோ பஸ்ஸோ வந்து இடிச்சா, கதவு உள்ள நசுங்காம தாங்கறதுக்கு. பின்சீட்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் சாவுக்கும் நடுவுல இருக்கிறது அது ஒண்ணுதான்."

குருவின் கை அரிவாள்மணையில் நின்றது.

"சட்டம் விடுதா?"

"விடுது. சட்டம் கேக்கிறதைத் தண்டு இல்லாமலேயே அந்தக் கதவு நூலிழையில தாண்டிடுது. அதைக் கண்டுபிடிச்சவனுக்கு அவார்டு குடுத்தானுங்க அம்மா. கேக் வெட்டினானுங்க."

சொல்லச் சொல்ல அவருக்கு முகம் சிவந்தது. பொய்க்கோபம் இல்லை அது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பளபளப்பு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓட்டை. வாங்குகிறவன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கப் போவதில்லை என்ற தைரியம். நினைத்தால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

"பேஸ் மாடலை யார் வாங்குவாங்க ஐயா?"

"வேற யாரு? முதல் தடவையா கார் வாங்கறவங்க. பணக்காரன் வாங்கற டாப் மாடல்ல தண்டு பத்திரமா இருக்கு."

அப்போது உள்ளேயிருந்து பரிமளா இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. கோமதிநாயகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். அந்த வெள்ளை வண்டிய வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கோமதிநாயகம் மோரைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"எந்த வெள்ளை வண்டி?" என்று குரு கேட்டார்.

"சாரல்தாம்மா, பேஸ் மாடல். ஷோரூம்ல ஒண்ணு நிக்குது. டிசம்பர்ல செஞ்சது. எடுத்துக்கோங்க எடுத்துக்கோங்கன்னு தினமும் போன். சார்தான் போன மாசம் சொன்னாரு, ஜனவரி வரைக்கும் பொறு, புது வருஷ மாடல் வரும்னு. நாளைக்கு விக்கப் போனா வருஷத்தைத்தானே முதல்ல கேப்பாங்க?"

இதுவும் ஒரு வேடிக்கைதான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டி, மறுநாள் காலையில் போன வருஷத்து வண்டி. ஒரே நாளில் அதற்கு ஒரு வயது கூடிவிடும். அதனால் டிசம்பரில் விவரம் தெரிந்த யாரும் கார் எடுப்பதில்லை. கோமதிநாயகம் இதை ஊர் முழுக்கச் சொல்வார், பரிமளாவுக்கும் அப்படித்தான் சொன்னார்.

"புதுசு எப்போ வருது?"

"பொங்கலுக்கு முன்னாடி குடுத்துடறேன்னு சொல்லியிருக்காங்கம்மா. மாமியாரும் ரெண்டு பிள்ளைங்களும் பின்னாடி. சின்னவ ஜன்னல் சீட் எனக்குத்தான்னு இப்பவே சண்டை. ஷோரூம்காரர் மட்டும் இன்னும் விடமாட்டேங்கறாரு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெள்ளைய நிறுத்தி வைக்கிறேன், அப்புறம் வேற ஆளுக்குப் போயிடும்னு சொல்றாரு. போகட்டுமேன்னு சொல்லிட்டேன்."

சாம்பார் கொதிக்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

கோமதிநாயகம் மோரைத் தரையில் வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் நின்றவர் இப்போது உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளை வண்டியில தண்டு இருக்கா ஐயா?"

"இருக்கு."

"வரப்போறதுல?"

"இல்லை."

"பரிமளாவுக்குத் தெரியுமா?"

"எப்படிம்மா தெரியும்? போன மாசம் நான் சொன்னப்ப எனக்கே தெரியாது. போன வாரம்தான் உத்தரவு வந்தது. வெளியே சொல்லக் கூடாது, கம்பெனி ரகசியம். பாத்தீங்களா, எப்படி மாட்டி விடறானுங்கன்னு. படுபாவிங்க. யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு பண்றான், எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துல வந்து விடியுது."

கேட்க வந்ததை இப்போது கேட்டார்.

"இப்படிப்பட்ட இடத்துல இருக்கிற நேர்மையான மனுஷன் என்னம்மா பண்ணுவான்?"

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கீங்களா?"

காரில் பையில் இருந்தது. போய் எடுத்துவந்தார். குரு அதை அவசரமில்லாமல் படித்தார். இடது பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு வலது பக்கத்துக்கு வந்தார்.

"தண்டுன்னு எங்கேயும் காணோமே?"

"அந்த மூணாவது வரிம்மா."

"'பின்கதவு, எடை சீரமைப்பு.' இதுவா?"

"அதுதான்."

"இந்த வார்த்தைய எழுதினது யாரு?"

"தாள் நான்தானே தயார் பண்றேன். எல்லா வருஷமும் அப்படித்தான் எழுதறது."

"இந்தப் பக்கம், சேர்த்தவையில கடைசி வரி. 'எடை குறைந்தது, மைலேஜ் கூடியது.' இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"தண்டை எடுத்தா எடை குறையும் இல்லையா? குறைஞ்சா மைலேஜ் கொஞ்சம் கூடும்."

"எடுத்ததையே சேர்த்ததுல போட்டிருக்கு."

"மார்க்கெட்டிங்ல அது சகஜம்மா."

குரு தாளின் அடிப்பக்கம் வந்தார்.

"இந்தக் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கு."

"ஆமாம். திங்கட்கிழமை காலையில தொழிற்சாலையில புது மாடல் லைன் ஓட ஆரம்பிக்கணும்."

"கோபம் எப்ப வந்துச்சு ஐயா?"

"அப்பவே வந்துடுச்சு. பேனாவை எடுக்கும்போதே கை நடுங்குச்சு."

"நடுங்கியும் கையெழுத்து நல்லா வந்திருக்கு."

இதற்குமேல் கோமதிநாயகத்தால் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா பேசறீங்க? நான் போடலேன்னா பக்கத்து மேஜைக்காரன் போடுவான். எனக்கு ரிட்டயராக ஒரு வருஷம் இருக்கு. மீட்டிங்ல இது சரியில்லைன்னு சொன்னேன். என் ஒருத்தன் வாய்தான் திறந்துச்சு, தெரியுமா? மத்தவன் எல்லாம் போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை எனக்கு. தப்பு பண்ணவன் கேக் தின்னுட்டுக் குறட்டை விடறான். நீங்க என்னைக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கறீங்க. இங்க ஆறுதலுக்குத்தானே வந்தேன்?"

அவர் சொன்னது எல்லாம் உண்மை. மீட்டிங்கில் அவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். அந்த அறையில் அவரைவிட நல்லவர் யாரும் இருக்கவில்லை. அதை நினைக்கும்போது அவருக்கே தன் மேல் இரக்கமாக இருந்தது, கண் கலங்கிவிட்டது.

குரு அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"பரிமளா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. ஐயா புது மாடல் தாளே கொண்டுவந்திருக்காரு."

பரிமளா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். குரு தாளைக் கோமதிநாயகத்திடம் நீட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க ஐயா."

கோமதிநாயகம் குருவைப் பார்த்தார். பரிமளாவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"புதிய முன்பக்க கிரில்."

"படத்துல பாத்தேன் சார். சிரிக்கிற மாதிரி இருக்கு."

"ஒன்பது அங்குலத் திரை. மயில் நீலம், காவிரி மணல், ரெண்டு புது நிறம்."

"நான் மயில் நீலம்தான் சொல்லியிருக்கேன்."

படிக்கப் படிக்க அவர் குரல் தேறியது. பத்தொன்பது வருஷப் பழக்கம். எந்த வரியில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று நாக்குக்கே தெரியும்.

"எடை குறைந்தது, மைலேஜ் கூடியது."

"எடை எப்படி சார் குறைஞ்சது? வண்டி அதே அளவுதானே?"

அவள் கேட்டது சும்மா தெரிந்துகொள்ளத்தான். வகுப்பில் பிள்ளைகள் கேட்பது போலக் கேட்டாள். பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோமதிநாயகத்தின் விரல் தாளின் நடுக்கோட்டில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரி. குரு பூசணித் துண்டுகளைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது வந்து," என்றார் கோமதிநாயகம். "டெக்னாலஜிம்மா. இப்பல்லாம் லேசாவே செஞ்சுடறாங்க."

"அப்படியா சார்? நல்லவேளை பொறுத்திருந்தேன்."

பரிமளா பூசணிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். மாமியாருக்குப் போன் போட்டு மைலேஜ் கூடியிருக்கிறதாம் என்று அவள் சொல்வது இங்கே கேட்டது.

கோமதிநாயகம் தாளை நான்காக மடித்தார். முகம் மறுபடியும் சிவந்து, வந்தபோது இருந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது.

"பாத்தீங்களாம்மா? உங்க கண் முன்னாலேயே பாத்தீங்க இல்லையா? ஒரு நல்ல பொண்ணு, என்னை நம்பி நிக்கறா. அவகிட்ட என் வாயாலேயே பொய் சொல்ல வைக்கிறானுங்க. நாசமாப் போற கம்பெனி."

குரு அரிவாள்மணையை மடக்கிச் சுவரோரம் வைத்தார்.

"கம்பெனி இங்க வரலையே ஐயா. நீங்க மட்டும்தானே வந்தீங்க. பரிமளா இன்னும் அடுப்படியிலதான் இருக்காங்க."