அயிரை ஏன் மணலில் வாய் வைக்கிறது

அந்தக் காலத்தில் மீன்களுக்கு வாய் தின்ன மட்டும் இல்லை, பேசவும்தான். பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு ஓடையில் நூலி என்றொரு அயிரை மீன் இருந்தாள். விரல் நீளம்கூட இருக்கமாட்டாள். அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. ஓடை வற்றி, பாறையடியில் ஒரே ஒரு மடு மிஞ்சியது. அதில் நூலி, அவளுடைய நாற்பது குஞ்சுகள், ஒரு நண்டு, எல்லாருக்கும் பெரியவராக ஒரு விரால்.

கோடை வந்தால் மடுவின் அடியைப் பூசுவது அங்கே வழக்கம். தண்ணீர் மணல் வழியாக ஒழுகிப் போய்விடும் என்று பயம். ஆளாளுக்குக் களிமண் கொண்டுவந்து அப்புவார்கள், விரால் வாலால் தட்டி மெழுகுவார். அந்த வருஷம் மூன்று தடவை பூசியும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் போனது. மத்தியானத்தில் கொதித்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பூச்சு பத்தலை. இன்னொண்ணு போடுங்க," என்றார் விரால். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

களிமண்ணோடு பாறை ஓரமாகப் போனபோது ஓரிடத்தில் நூலிக்கு வயிறு சில்லென்றது. நிழல் என்று நினைத்தாள். ஆனால் விடிகாலையில் மடு முழுக்கக் குளிர்ந்து கிடக்க, அதே இடம் வெதுவெதுப்பாக இருந்தது. நிழலுக்கு அந்த வேலை தெரியாதே. மூன்று நாள் வயிற்றை வைத்து வைத்துப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் வெயிலில் சுட்டது, விடிந்தால் குளிர்ந்தது. இந்த இடம் மட்டும் எதையும் சட்டை செய்யவில்லை.

"மாமா, இங்கே அடியிலேருந்து தண்ணி முட்டுது. பூச்சை உடைச்சா உள்ளே வரும்."

விரால் சிரித்தார். "தண்ணி வானத்துலேருந்துதான் வரும். கீழே யாரு குடத்தோட உட்கார்ந்திருக்கா?"

"போன மழையில பாதியை இந்தக் கரைதானே குடிச்சுது. அது எங்கே போச்சு?"

"சரி, உடைச்சு, இருக்கிறதும் ஒழுகிட்டா?"

அது நூலிக்கும் தெரியும். ஒழுகினால் ஒரே மத்தியானத்தில் கதை முடிந்துவிடும்.

"ஒழுகினா நீங்க ஏரிக்கு ஊர்ந்து போயிடுவீங்க மாமா. நண்டண்ணனுக்குக் காலிருக்கு. என் பிள்ளைங்கதான் எங்கேயும் போக முடியாது. அதனாலதான் நல்லாப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"நீ சின்னப் பிள்ளை," என்று விரால் பேச்சை முடித்துக்கொண்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் இரண்டு குஞ்சுகள் ஒருக்களித்துச் சாய்ந்தன. நூலி அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய்ப் பூச்சில் முட்டினாள். களிமண் இறுகிக் கிடந்தது. முட்டி முட்டி உதடு கிழிந்தது, வாய் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஏ பிள்ளே, பார்க்கச் சகிக்கலை. நகரு," என்றது நண்டு. கொடுக்கை உள்ளே விட்டு நெம்பியது.

பூச்சு பெயர்ந்தது. மடு கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை.

"போச்சு, ஒழுகுது," என்றார் விரால்.

நூலி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மீனுக்கு இமை ஏது. பார்த்தபடியே இருந்தாள். கலங்கல் மெல்லத் தெளிந்தது. பெயர்ந்த இடத்தில் மணல் பொரி மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர். சாய்ந்து கிடந்த இரண்டும் அதன்மேல் வந்து விழுந்து, கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, ஒன்றையொன்று முட்டிச் சண்டை போட ஆரம்பித்தன.

விரால் மெதுவாக வந்து வாலை வைத்துப் பார்த்தார். "குளிருது," என்றார். அப்புறம், "அப்போ இத்தனை வருஷம் பூசினது?"

"வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தோம் மாமா."

"அப்படின்னா எல்லாத்தையும் பேர்த்துடலாம்," என்று கிளம்பினார்.

"நில்லுங்க. அந்த நாணல் பக்கம் நிஜமாவே ஒழுகுது. எங்கே வருது, எங்கே போகுதுன்னு பார்க்காம கை வைக்காதீங்க. இந்த வருஷம் வர்ற இடம் அடுத்த வருஷம் மாறினாலும் மாறும்."

"அதை யாரு பார்க்கிறது?"

"நான்தான். வேற யாரு."

அன்று முதல்தான் அயிரை, வாய் கீழ்நோக்கி இருக்க, நீரடி மணலில் இடம் இடமாக வாயையும் வயிற்றையும் வைத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்துத் தூங்குகிறது என்று நாம் சொல்கிறோம்.