நடுங்கும் காலைப் பார்த்த கொக்கு

அல்லிக்குளத்தில் ஒரு கொக்கு இருந்தது. அசையாமல் நிற்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அப்படி நின்றால்தான் மீன் பக்கத்தில் வரும். மீன் வந்தால்தான் கருவேல மரத்துக் கூட்டில் இருக்கும் இரண்டு குஞ்சுகளுக்கும் சாப்பாடு.

ஒரு நாள் அதன் இடது கால் தானாக நடுங்கியது. தண்ணீரில் அலை எழும்ப, மீன்களெல்லாம் ஓட்டம் பிடித்தன. மறுநாள் நடுக்கம் இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடி வந்தது.

கொக்கு பயந்துபோய்க் கரடி வைத்தியரிடம் போனது. கரடி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, முகர்ந்தும் பார்த்தது.

"இது நடுக்க நோய், அம்மா. முழுசாகப் போகாது. எப்போது வரும், கூடுமா குறையுமா என்பது எனக்குத் தெரியாது" என்றது.

தெரியாதாம்! இதைச் சொல்ல ஒரு வைத்தியரா என்று கொக்குக்குக் கோபம் வந்தது.

வழியில் நீர்க்காகம் எதிர்ப்பட்டது. அதற்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. ஈரம்தான் காரணம், ஏழு நாள் தண்ணீரில் கால் வைக்காமல் இருந்தால் நோய் போயே போய்விடும் என்று அடித்துச் சொன்னது. சொல்லிவிட்டுத் தான் மட்டும் குளத்தில் முங்கப் போய்விட்டது.

கொக்குக்கு அந்தப் பேச்சுதான் பிடித்தது. கரையிலேயே நின்றது. வெட்டுக்கிளி ஒன்றிரண்டு கிடைத்ததோடு சரி. நான்காம் நாள் குஞ்சுகளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. கால் மட்டும் காய்ந்த தரையிலும் ஜோராக நடுங்கியது.

கொக்குக்கு அழுகை வந்தது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று குளத்தில் இறங்கியது. மீன்கள் ஓடின. வேறு வேலை இல்லாததால் குனிந்து தன் காலையே பார்த்தது. நோய் வந்த நாளிலிருந்து அதை ஒரு முறைகூட நிதானமாகப் பார்த்ததில்லை.

கால் சேற்றைக் கலக்கியது. கலங்கிய சேற்றிலிருந்து ஓர் இறால் துள்ளி வெளியே வந்தது!

அட, இது எங்கே இருந்தது? கொக்கு லபக்கென்று பிடித்தது. மணலில் போய் நின்று பார்த்தது, ஒன்றும் வரவில்லை. அல்லி வேரடியில் நின்று பார்த்தது. இரண்டு இறாலும் ஒரு குட்டி நண்டும் வந்தன. அன்று குஞ்சுகள் வயிறார உண்டன.

மறுநாள் கரடியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னது.

"இது எனக்குத் தெரியாதே! எங்கே, காட்டு பார்ப்போம்" என்று கரடி கூடவே வந்தது. வைத்தியர் வந்த நேரம் பார்த்துக் கால் ஆடவே இல்லை. இரண்டும் வெகுநேரம் காத்திருந்து, கடைசியில் சிரித்துவிட்டன.

அன்று மாலை மூத்த குஞ்சு கேட்டது: "அம்மா, நாளைக்குக் கால் நடுங்குமா?"

"தெரியாது கண்ணு. காலையில் பார்ப்பேன். நடுங்கினால் சேற்றுப் பக்கம் போவேன், நடுங்காவிட்டால் மீன் பக்கம்."

"இரண்டு பக்கமும் ஒன்றும் கிடைக்காவிட்டால்?"

"அன்றைக்குப் பசிதான். மறுநாளும் பார்ப்பேன்."

தீராத நோய் வந்தவருக்கு, நாளை என்னவென்று அடித்துச் சொல்லும் வாயைவிட, இன்று என்னவென்று பார்க்கும் கண்ணே துணை.