கோதண்டராயர் வைத கூழ்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜா வேட்டைக்குப் போன இடத்தில் கம்பங்கூழ் குடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வேறெதுவும் இறங்கவில்லை. தலைநகரத்து ஜனங்களோ நெல்லுச்சோற்றுக்காரர்கள். ராஜா கூழ் குடிக்கிறார் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“பௌர்ணமிக்குள் இந்த நகரமே கூழ் குடிக்க வேண்டும். இருளப்பா, அது உன் பொறுப்பு” என்றார் ராஜா, சபை விகடனிடம்.

அந்தப் பொறுப்பு தனக்கு வரவில்லையே என்று மந்திரி கோதண்டராயருக்கு வயிறு எரிந்தது. அவர் வயிறு எரியாத நாள் ஏது? அடுத்த வீட்டு மாம்பழம் புளிப்பு என்று ஊரெல்லாம் சொன்னார். மறுநாளே மரத்தில் ஒரு பழம் மிஞ்சவில்லை. புது நாட்டியக்காரிக்குத் தாளமே வராது என்றார். அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.

“மகாராஜா, ஒரு விண்ணப்பம்” என்று எழுந்தார். “இருளப்பன் கூழைப் புகழ்ந்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. தண்டோரா போடக் கூடாது. இலவசமாகவும் ஊற்றக் கூடாது. தோற்றால் நாட்டைவிட்டே போக வேண்டும்.”

“சம்மதமா?” என்றார் ராஜா.

“உத்தரவு மகாராஜா. பானை வைக்கும் இடத்தை மட்டும் அடியேன் பார்த்துக்கொள்கிறேன்” என்றான் இருளப்பன்.

மறுநாள் விடிந்து ராயர் கதவைத் திறந்தால், எதிரே வேப்பமரத்தடியில் கூழ்ப்பானை! பக்கத்தில் ராஜா கொடுத்த வெள்ளி அகப்பை. இருளப்பன் வாயே திறக்கவில்லை. வெள்ளி அகப்பையா, இவனுக்கா? ராயருக்குக் காலைப் பலகாரம் கசந்தது. தெருத்தெருவாகப் போனார். கோயில் வாசல், சந்தை, குளத்தங்கரை என்று ஓரிடம் விடாமல், “அந்தக் கூழைத் தொடாதீர்கள், வயிறு கெட்டுவிடும்!” என்று தொண்டை கட்டும்வரை சொன்னார்.

மூன்றாம் நாள் வேப்பமரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ராயர் அங்கேயே பாய்ந்து போய்க் கத்தினார். சொம்போடு நின்ற பூக்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“ராயரே நேர்ல வந்து திட்றாரா? அப்ப எனக்கு ரெண்டு சொம்பா ஊத்துங்கண்ணே!”

பௌர்ணமியன்று ஊரில் கம்பே தீர்ந்துபோயிற்று. “ஒரு சொல்கூடப் புகழாமல் எப்படி ஜெயித்தாய்?” என்று கேட்டார் ராஜா.

“ராயர் எதைக் குறை சொல்கிறாரோ அது நல்ல சரக்கு என்று ஊருக்கே தெரியும், மகாராஜா. பானையை அவர் கண்ணில் படும்படி வைத்தேன், அவ்வளவுதான். பரிசில் அவருக்கும் பங்கு தர வேண்டும்.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. இருவருக்கும் ஒரே தறியில் நெய்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

ராயர் தன் சால்வையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இருளப்பன் சால்வை மட்டமான சரிகை” என்று பக்கத்து ஆசனத்துத் தளபதியிடம் முணுமுணுத்தார்.

தளபதி உடனே எழுந்து இருளப்பனிடம் போய், அந்தச் சால்வையை நெய்தவர் யார் என்று விசாரித்தார்.