கணுக்கால் வரை வந்த ஞானம்

தனக்கு ஞானம் வந்துவிட்டது என்று குற்றாலிங்கம் தானே சொல்லிக்கொண்டு மடத்துக்கு வந்தார். வேறு யாரும் சொல்லவில்லை.

அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மடத்துச் சாமிக்கு நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் குரு குருதான் என்று கண்ட இடத்தில் விழுந்து கும்பிடுவார். கும்பிடுவதில் ஒரு குறையும் வைக்க மாட்டார். சொன்னதைக் கேட்பதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

அவருக்குப் பின்னால் மனைவி செண்பகவடிவு வந்தாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் அவருடைய வலது செருப்பு. அது பாதி வழியிலேயே கழன்று விழுந்திருந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

சாமி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு விஷயம் கேக்கணும்" என்றார் குற்றாலிங்கம்.

"கேளுங்க அண்ணாச்சி."

"உடம்பைக் கடந்துட்டோம்னா அது நமக்கு எப்படித் தெரியும்?"

சாமி பெருக்குவதை நிறுத்தவில்லை. "எதுக்குக் கேக்கீங்க?"

"நான் கடந்துட்டேன்னு நினைக்கேன். முந்தியெல்லாம் தியானத்துல உக்காந்தா முட்டி வலிக்கும், பாதம் எரியும். இப்ப கால் இருக்கதே தெரியலை. நடந்தா பஞ்சுமேல நடக்க மாதிரி இருக்கு. முந்தாநாள் பாதத்துல சுடுதண்ணி கொட்டிச்சு. யாருக்கோ கொட்டின மாதிரி பார்த்துக்கிட்டு நின்னேன்."

செண்பகவடிவு தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

சாமி திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பெருக்கிய தரையில், வாசலிலிருந்து குற்றாலிங்கம் நின்ற இடம்வரை, ஒற்றைக் கால் தடமாக ரத்தம் பதிந்திருந்தது.

"உக்காருங்க."

"இருக்கட்டும் சாமி. எவ்வளவு நேரம் நின்னாலும் எனக்கு..."

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். வலது உள்ளங்காலில் உடைமரத்து முள் ஒன்று ஆழமாக ஏறி முறிந்திருந்தது.

"இது எப்பக் குத்திச்சு?"

குற்றாலிங்கம் காலைத் திருப்பிப் பார்த்தார். திகைத்தார். அடுத்த நொடியே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா சாமி? இதைத்தான் சொன்னேன்."

செண்பகவடிவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சாமி, இவுகளுக்கு சுகர். வெறும் சுகர். கால்ல புண்ணு வந்தா ஆறாது, கவனிக்காம விட்டா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டார். எங்க அண்ணனுக்கு முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. கட்டையை ஊணிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறாக. அதைப் பார்த்துக்கிட்டே இவுக இட்லி திங்காக."

"ராத்திரி நான் சோறே தொடுறதில்லை சாமி" என்றார் குற்றாலிங்கம். "பலகாரம்தான்."

இந்தப் பக்கத்தில் பலகாரம் சோற்றுக் கணக்கில் வராது. இட்லி, இடியாப்பம், ரவா தோசை எல்லாம் தீட்டிய அரிசியும் சலித்த மாவும்தான் என்று யார் எடுத்துச் சொன்னாலும் மண்டையில் ஏறாது. விரதத்துக்கே அதைத்தானே சாப்பிடுகிறோம், அது எப்படிக் கெடுதல் செய்யும் என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"நானும் என்னதான் செய்யலை?" என்றாள் செண்பகவடிவு. "கோதுமையைத் தவிட்டோட அரைச்சுட்டு வந்தேன். நான் தூங்கும்போது எடுத்துச் சலிச்சு வச்சிருக்காக. மாவுல முருங்கைக்கீரையைக் கலந்தேன். ஒவ்வொரு இலையாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சாக. காப்பியில பட்டை தட்டிப் போட்டா பிரியாணி வாடை அடிக்குன்னாக. கடைசியில இட்லிக்கு நனையப் போடும்போது வெந்தயத்தைக் கூடுதலா அள்ளிப் போட்டேன். அதை மட்டும் பேசாம சாப்பிட்டாக. சரி, வழிக்கு வந்துட்டாகன்னு நினைச்சேன்."

"வரலையா?"

"'கூட ரெண்டு இட்லி வை'ங்காக. 'வெந்தயம்தான் போட்டிருக்கே, ஒண்ணும் செய்யாது'ங்காக. அவரைக்காய் பொரியல் ஒரு கிண்ணம் வச்சா அதுக்குத் தோதா இன்னொரு கரண்டி சோறு கேக்காக. கொள்ளு ரசம் வச்சா அதுக்கும் சோறு. நான் நல்லது எதைப் போட்டாலும் அந்தச் சாக்குல கூடக் கொஞ்சம் உள்ள போகுது. எனக்கு அலுத்துப்போச்சு சாமி. சமைக்கவே கை ஓடலை."

"இவதான சாமி சொன்னா?" என்றார் குற்றாலிங்கம், நியாயம் கேட்பவராக. "நார்ச்சத்து சேர்ந்தா சர்க்கரை சட்டுன்னு ஏறாது, வெந்தயம் நல்லதுன்னு. அவ சொன்னதைத்தான் நான் கேக்கேன்."

"சோத்தைக் குறைச்சுட்டு அந்த இடத்துல வைக்கச் சொன்னேன். அதுக்கு மேல ஏத்தவா சொன்னேன்?"

சாமி இரண்டு பேரையும் பார்த்தார். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார்.

"கண்ணை மூடிக்கிடுங்க அண்ணாச்சி. நான் குத்துதது தெரிஞ்சா சொல்லுங்க."

குற்றாலிங்கம் ஆவலோடு கண்ணை மூடினார். தீட்சை கொடுக்கிறார் என்றே நினைத்தார்.

சாமி ஈர்க்கின் முனையால் வலது கால் விரல்களில் ஒவ்வொன்றாகக் குத்தினார். சத்தமில்லை. உள்ளங்காலில் குத்தினார். குதிகாலில் குத்தினார். கணுக்காலுக்கு மேலே போனபோதுதான் குற்றாலிங்கம் "ஆங்" என்றார். சாமி இடது காலுக்கு வந்தார். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. குதிகாலில் குத்தியதும் "ஸ்ஸ்" என்று காலை இழுத்துக்கொண்டார்.

"ஞானம் வலது கால்ல கணுக்கால் வரைக்கும் வந்திருக்கு" என்றார் சாமி. "இடது கால்ல விரலோட நிக்குது."

"வாய்க்கு எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க சாமி" என்றாள் செண்பகவடிவு.

சாமி முள்ளைப் பிடுங்கினார். தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெளுத்த துணியைச் சுற்றினார். மடத்துப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னார். பிறகு அடுப்படிக்குப் போய் மஞ்சள்பொடி டப்பாவோடு வந்து, குற்றாலிங்கத்தின் இடது குதிகாலில் அப்பினார்.

"சாமி, அந்தக் கால்ல ஒண்ணும் இல்லையே."

"இருக்கட்டும்."

திக்காகப் பூசி முடித்ததும் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் புதிதாக ஒடித்த இரண்டு உடைமுள் இருந்தது.

"காலை நீட்டுங்க."

"எதுக்கு சாமி?"

"குத்தத்தான்."

குற்றாலிங்கம் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. முள்ளின் முனை மஞ்சள்மேல் பட்டது. குற்றாலிங்கம் காலை வெடுக்கென்று இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"என்ன சாமி இது?"

"மஞ்சள்தான் பூசியிருக்கே அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது."

குற்றாலிங்கம் மஞ்சளையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

செண்பகவடிவு மூலையில் கிடந்த சாக்கை எடுத்து நனைத்து, வாசலிலிருந்து ரத்தத் தடங்களைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முழங்கால் போட்டுத் துடைத்தாள். முணுமுணுக்கக்கூட இல்லை. இத்தனை நேரம் திட்டியபோது அவளைத் திரும்பிப் பார்க்காத மனிதர் இப்போது பார்த்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்கத் தடம் வந்துகொண்டேயிருந்தது.

"அப்ப இது ஞானம் இல்லையா சாமி?"

"இல்லை. இட்லி."

குற்றாலிங்கம் கட்டுப்போட்ட காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பெருவிரலை அழுத்திப் பார்த்தார். நகம் பதியக் கிள்ளினார். இன்னும் பலமாகக் கிள்ளினார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. மச்சினன் கட்டையை ஊன்றிக்கொண்டு படியேறும் சத்தம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"சாமி, இந்தக் கால்ல வலி திரும்பி வருமா?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்டக் கேளுங்க."

செண்பகவடிவு சாக்கைப் போட்டுவிட்டு வந்து, அவர் எழுந்திருக்கத் தோள் கொடுத்தாள். இரண்டு எட்டு வைத்ததும் குற்றாலிங்கம் நின்று திரும்பினார்.

"நான் என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

சாமி துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"இடது கால்ல இன்னும் கொஞ்சம் வலி மிச்சம் இருக்கு அண்ணாச்சி. இத்தனை நாளா அடுப்படியில நின்னு இவுக அதைத்தான் காப்பாத்திக்கிட்டு வாராக. அதையும் தின்னுறாதீங்க."