ஓலைத்தீயும் உமித்தீயும்

அந்தக் காலத்தில் மின்மினி மனிதரோடு நின்று வாயாடும். ஆணும் பெண்ணும் அப்போதும் கூடினார்கள்தான். ஆனால் அதில் இன்பம் கிடையாது. விறகு பிளப்பது போல அதுவும் ஒரு வேலை.

மின்மினிக்கே மனம் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் வந்து, "என் உடம்பில் சுடாத நெருப்பு இருக்கிறது. உங்களுக்கும் தருகிறேன். எதில் வாங்குகிறீர்களோ, அப்படித்தான் உங்கள் உடம்பிலும் எரியும்" என்றது.

கூரை வேய்ந்துகொண்டிருந்த சடையன் கையிலிருந்த காய்ந்த பனையோலையை நீட்டினான். நெல் குத்திக்கொண்டிருந்த அவன் மனைவி பூவாயி முறத்திலிருந்த உமியை நீட்டினாள்.

அப்புறம் சடையனுக்குக் கொண்டாட்டம். குப்பென்று பற்றுவான், உச்சிக்குப் போவான், உடனே சாம்பல், குறட்டை. பூவாயிக்கோ புகைகூட வரவில்லை. பாவம், பல நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மழை மதியம் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"எனக்குக் குடுத்த நெருப்பு அவிஞ்சு போச்சுங்க. உங்க கொறட்டையக் கேக்கவா நான் இருக்கறேன்? எங்கம்மா ஊட்டுக்கே போறேன்."

அவளில்லாத வீட்டைச் சடையனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மழையிலேயே மின்மினியிடம் ஓடி, "அவளுக்கு வேற நெருப்புக் குடு சாமி" என்று கும்பிட்டான்.

"உமி அவ்வளவு சீக்கிரம் அவியாதப்பா. மெல்லத்தான் பிடிக்கும். ஓலைக்காரன் உனக்கு அது எங்கே தெரியப்போகிறது? கங்கு எங்கே கிடக்கிறதென்று அவளையே கேள்."

அதுவரை எந்த ஆம்பளையும் அதைக் கேட்டதில்லை. சடையன் வாசலில் அவளை மறித்து, வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"எனக்குத் தெரியல புள்ள. எப்பிடீன்னு நீயே சொல்லு."

பூவாயி மூட்டையை இறக்கி வைத்தாள். சொன்னாள். அவனும் அவசரப்படவில்லை. உமி பிடித்தது, உச்சிக்கு ஏறியது. அடங்கிவிட்டது என்று பார்த்தால், இன்னொரு பக்கம் கனன்று மறுபடியும் ஏறியது. சாம்பலாகிக் கிடந்த ஓலைக்காரன் வாயைப் பிளந்தான்.

மறுநாள் மின்மினி வந்து, "உச்சியில் எப்படி இருந்தது?" என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டது. இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஒடம்பு பூரா வெளக்கேத்தி வச்சாப்ல இருந்துச்சு." சொல்லும்போதே இருவருக்கும் கண் கலங்கியது. "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று அந்தச் சின்னப் பூச்சியை மனசாரக் கும்பிட்டார்கள்.

ஆணின் இன்பம் சட்டென்று எரிந்து அடங்குவதும், பெண்ணின் இன்பம் மெல்லப் பிடித்துத் திரும்பத் திரும்பக் கனல்வதும் அந்த ஓலையாலும் உமியாலும் வந்ததுதான். வீட்டுக்குள் மின்மினி வந்தால் பெண்டாட்டி புருஷனைப் பார்த்துச் சிரிப்பதும், அவன் அதை அடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தி வெளியே விடுவதும் அன்று முதல்தான்.